ஆறு வயசுப் பொண்ணுக்கு பொம்மை ஓவன் வாங்கலாமா?

நிலாஅம்மா: நியூ ஜெர்சில இருக்கோம். பொண்ணுக்கு அடுத்த மாசம் ஆறு முடியுது. பிறந்தநாளுக்கு, நிஜமாவே குட்டி கேக் சுடுற அந்த ஈஸி பேக் பொம்மை ஓவன்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாங்கிறார். என்ன பண்ணலாம்?

மாவுசல்லடை: அவர் சொல்றதைக் கேளுங்க. அது எட்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைகளுக்குன்னுதான் விக்கிறாங்க, சும்மா இல்லை. 2006ல முன்பக்கமா தட்டு வைக்கிற மாதிரி புது மாடல் விட்டாங்க. சின்னப் பசங்க அந்த வாய்க்குள்ள கையை விட்டு மாட்டிக்கிட்டாங்க, சுட்டுக்கிட்டாங்க. 2007 பிப்ரவரில அதைத் தயாரிக்கிற ஹாஸ்ப்ரோ கம்பெனி அதைச் சரிபண்ண ஒரு கிட் கொடுத்துப் பார்த்தாங்க, நிக்கலை. ஜூலைல சுமார் 10 லட்சம் ஓவனைத் திரும்பக் கேட்டாங்க. அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்திக்கு விரல்ல ஒரு பகுதியே போயிடுச்சு.

எடிசன்_கார்த்தி: அது அந்த ஒரு மாடலோட கோளாறு சகோ. 1963ல கென்னர் கம்பெனி விட்ட முதல் ஓவன்ல 100 வாட் குண்டு பல்பு ரெண்டு, அந்தச் சூட்டுலயே கேக் வேகும், அவ்வளவுதான். ஒரு பக்கம் தட்டைத் தள்ளினா, வெந்து ஆறி மறுபக்கம் வரும். முதல் வருஷமே 5 லட்சம் வித்திருக்கு. இத்தனை வருஷமா பிள்ளைங்க இதுல கேக் சுட்டுட்டுத்தான் இருக்காங்க.

மாவுசல்லடை: இப்ப அந்தப் பல்பே இல்லையே. அமெரிக்கால குண்டு பல்பை ஒழிக்கப் போறாங்கன்னு 2011ல நிஜ ஹீட்டிங் எலிமென்ட்டுக்கு மாறிட்டாங்க. அதை விடுங்க. ரெடிமேட் கேக் மாவு பாக்கெட்டைக் கிழி, தண்ணி ஊத்து, கலக்கு, தள்ளு. இதுல பிள்ளை என்னத்தைக் கத்துக்கும்? பாக்கெட் தீர்ந்ததும் ஓவன் பரண்ல ஏறிடும்.

எடிசன்_கார்த்தி: பாக்கெட்டை யார் வாங்கச் சொன்னா? மூணு டேபிள்ஸ்பூன் மைதா, ஒரு ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை பேக்கிங் பவுடர், உருக்கின வெண்ணெய் கொஞ்சம், குழைய குழைய பால். என் பையன் ஒருநாள் பேக்கிங் பவுடரை ஸ்பூனால அள்ளிப் போட்டுட்டான். கேக் பொங்கி தட்டுக்கு வெளிய வழிஞ்சு, சோப்பு மாதிரி கசந்துச்சு. துப்பிட்டு, அடுத்த தடவை கத்தி முனையால வழிச்சு அளந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டு கப் மைதா, மூணு முட்டை போட்ட கேக்ல அவனை அப்படி விளையாட விட்டிருப்பேனா? மண்டையில ஒரு கொட்டு விழுந்திருக்கும்.

கோவைப்பாட்டி: ஊருக்குக் கொண்டு வர்றவங்க கவனிங்கப்பா. அங்க 120 வோல்ட், இங்க 230. மகன் பேத்திக்கு வாங்கிட்டு வந்து அப்படியே சொருகப் போனான், நான்தான் தடுத்தேன். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். அது ஓவனை விடக் கனம்!

மாவுசல்லடை: கார்த்தி, கொஞ்சமா கலக்கணும்னா, மேடைல வைக்கிற சின்ன நிஜ ஓவன், அந்த டோஸ்டர் ஓவன்ல ஒரே ஒரு கப்கேக் வைங்களேன். அளக்கிறது, சலிக்கிறது, வாழைப்பழம் மசிக்கிறது எல்லாம் பிள்ளை. உள்ள வைக்கிறதும் எடுக்கிறதும் நாம. பச்சை மாவை நக்க மட்டும் விடாதீங்க. முட்டை இல்லாட்டியும் மாவுலயே கிருமி இருக்கலாம்.

எடிசன்_கார்த்தி: கதவு பக்கமே விடலைன்னா அது அம்மா சுட்ட கேக்குன்னு பிள்ளைக்குத் தெரியாதா?

ரவாலட்டு: குறுக்கே வர்றேன். இதை ஏன் பொண்ணுங்க சாமானாவே பேசுறோம்? 2012ல உங்க நியூ ஜெர்சிலயே 13 வயசுப் பொண்ணு ஒருத்தி, தம்பிக்கு ஓவன் பிடிக்கும், ஆனா எல்லாம் பிங்க்காவும் ஊதாவாவும் இருக்கு, விளம்பரத்துல பையனே இல்லைன்னு கம்பெனிக்கு மனு எழுதி கையெழுத்து வாங்கினா. கம்பெனி கறுப்பு, வெள்ளி நிறத்துல ஒண்ணு விடுறோம்னு இறங்கி வந்துச்சு.

நிலாஅம்மா: டோஸ்டர் ஓவன் வீட்லயே இருக்கு. இந்த சனிக்கிழமை அதுல ஒரு கப்கேக். எட்டு வயசு வரட்டும், அப்ப அவளோடதை வாங்கலாம்னு வீட்டுக்காரர் இறங்கி வந்திருக்கார். கார்த்தி, உங்க அளவுக்கு முட்டை வேண்டாமா?

எடிசன்_கார்த்தி: மூணு ஸ்பூன் மாவுக்கு முட்டையை எப்படிங்க பங்கு போடுவீங்க? பாலே போதும். ரெண்டு வருஷம் அவ பொறுப்பாளான்னு மட்டும் எனக்குச் சந்தேகம்.

மாவுசல்லடை: பொறுக்காட்டி அழட்டும். விரல் பத்திரமா இருக்கும்.