விர்பாவும் வெட்ஸ்லரும் கொண்டுவந்த செய்தி: மறைத்தது குற்றமா?

பனையோலை:
போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து யூதக் கைதிகள் ருடால்ஃப் விர்பாவும் ஆல்ஃபிரட் வெட்ஸ்லரும் தப்பியதை வீரக்கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1944 ஏப்ரல் 7 அன்று, முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவின் உள்வேலிக்கு வெளியே அடுக்கியிருந்த மரக்கட்டைகளுக்குள் ஒளிந்தார்கள். நாய்கள் மோப்பம் பிடிக்காமலிருக்கப் பெட்ரோலில் ஊறவைத்து உலர்த்திய ரஷ்யப் புகையிலையைத் தூவிக்கொண்டார்கள். ஆள் குறைந்தால் மூன்று நாள் தேடுவார்கள், அப்புறம் வெளிக்காவலை விலக்கிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். 10ஆம் தேதி இரவு வெளியேறி ஸ்லோவாக்கியாவுக்கு நடந்தே போனார்கள். மாதக் கடைசிக்குள் ஜிலினா நகரில், முகாமில் நடக்கும் கொலைகளை விவரிக்கும் அறிக்கை தயார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கேள்வி. ஹங்கேரி யூதர்களின் மீட்புக் குழுவிலிருந்த காஸ்ட்னருக்கு, ஹங்கேரியிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் பெரிய அளவில் ரயில்கள் கிளம்புமுன்பே விஷயம் தெரியும். மே 15 முதல் ஜூலை 9 வரை சுமார் 4,37,000 பேரை ஏற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எங்கே போகிறோம் என்று யாருமே சொல்லவில்லை. இதை எப்படி மன்னிப்பது?

கயல்:
தெரிந்திருந்தால் எங்கே ஓடியிருப்பார்கள்? உடம்பில் தெம்புள்ள ஆண்களில் பலரைக் கட்டாய உழைப்புப் படைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஊரில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். காதில் விழுந்த செய்தியெல்லாம் மனதில் ஏறிவிடாது என்று வரலாற்றாசிரியர் யெஹுதா பாவர் வாதிட்டார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

பனையோலை:
விர்பா அதை ஏற்கவே இல்லை. பல மாதங்கள் ரயில் மேடையில் வேலை செய்தவர் அவர். வந்து இறங்கியவர்கள் ஒன்றும் தெரியாமல் அமைதியாக வரிசையில் நின்றதால்தான் அந்தக் கொலைத் தொழிற்சாலை தடையில்லாமல் ஓடியது என்பது அவர் கண்ணால் பார்த்தது. எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நானும் சொல்லவில்லை. கூச்சல், குழப்பம், ஆளுக்கொரு பக்கமாக ஓட்டம், அதுவே அந்த வேகத்தைக் குறைத்திருக்கும். இன்னொன்று: முதலில் போனவர்களை மிரட்டி, 'வால்ட்சேயில் நலமாக இருக்கிறோம்' என்று, ஆஷ்விட்ஸை மறைக்க ஒரு பொய்யான இடப்பெயரோடு அஞ்சலட்டை எழுத வைத்தார்கள். அந்தப் பொய் வீடு தேடிப் போய்ச் சேர்ந்தது, உண்மை போகவில்லை.

முத்துவேல்:
காஸ்ட்னர் சும்மா இருக்கவில்லையே. யூதர்களை ரயிலேற்றும் பொறுப்பிலிருந்த நாஜி அதிகாரி ஐக்மனோடு பேரம் பேசி 1,600க்கு மேற்பட்டவர்களை ஒரே ரயிலில் காப்பாற்றினார். அவர் நாஜிகளுக்கு ஒத்துழைத்தாரா என்பது பற்றிய வழக்கில் 1955இல் இஸ்ரேலிய நீதிபதி 'சாத்தானுக்கு ஆன்மாவை விற்றார்' என்றார். 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை ரத்து செய்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை, 1957இலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

பனையோலை:
அந்த ரயிலில் அவருடைய சொந்தக்காரர்களும் இருந்தார்கள், முத்துவேல் சார். பேரம் கெடாமலிருக்க மற்றவர்களிடம் வாய் திறக்கவில்லை என்பதுதான் விர்பாவின் குற்றச்சாட்டு.

கயல்:
அறிக்கை வீணாகவில்லை என்பதையும் சொல்லுங்கள். ஜூனில் சுவிஸ் பத்திரிகைகளில் வந்தது. போப், ரூஸ்வெல்ட், ஸ்வீடன் மன்னர் எல்லோரும் நெருக்கினார்கள். ஜூலை தொடக்கத்தில் ஹங்கேரியின் அரசுத் தலைவர் ஹோர்த்தி ரயில்களை நிறுத்தச் சொன்னார். புடாபெஸ்டில் சுமார் 2 லட்சம் யூதர்கள் அப்போது ஏற்றப்படாமல் தப்பினார்கள்.

பனையோலை:
ஏப்ரலிலேயே தயாராக இருந்த அறிக்கை அது. ஜூலையில் உத்தரவு வந்தபோது தலைநகருக்கு வெளியே இருந்த ஊர்களில் அநேகமாக யூதர்களே மிச்சமில்லை.

கயல்:
அந்த ஊர்களில் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை இழுத்து வந்தது ஹங்கேரியின் சொந்தக் காவல்படை. ஐக்மன் அழைத்து வந்த ஆட்கள் சொற்பம். காஸ்ட்னரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் அவர்களைப் பற்றி இந்த இழையில் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் அவர்களிடமிருந்துதான் தொடங்குவேன்.