உரைச்சித்திரத்தில் தொகுப்பாளரின் குரல் எவ்வளவு இருக்க வேண்டும்?

பொன்மலைவாசி:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா ரயில்வேயில், எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, நீராவி எஞ்சின் டிரைவராக உயர்ந்து, கடைசிச் சில ஆண்டுகள் டீசல் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு வயது 84. நினைவு தெளிவாக இருக்கும்போதே அவருடைய அனுபவங்களைப் பதிந்து வைக்க வேண்டும் என்று சென்ற மாதம் விடுப்பு எடுத்து, திருச்சியில் ரயில்வே பணிமனை உள்ள பொன்மலைக்குச் சென்று, ஐந்து நாட்களில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஒலிப்பதிவு செய்தேன். அதை 30 நிமிட உரைச்சித்திரமாக, அதாவது பதிவு செய்த பேச்சும் விளக்கவுரையும் ஒலிகளும் கலந்த வானொலி நிகழ்ச்சியாகத் தொகுக்க விரும்புகிறேன். வானொலியில் சிறுவயது முதல் கேட்டுப் பழகிய முறையிலேயே இடையிடையே விளக்கவுரை எழுதி, நானே வாசித்துச் சேர்த்தேன். முதல் வடிவத்தைக் கேட்ட என் மகள், "பெரிய தாத்தா பேச ஆரம்பிச்சதும் நீங்க வந்து மறிக்கிறீங்கப்பா" என்றாள். அளந்து பார்த்தேன், 30 நிமிடத்தில் 11 நிமிடம் என் குரல்தான்.

எனவே என் முதல் ஐயம், தொகுப்பாளரின் குரல் இல்லாமலேயே ஓர் உரைச்சித்திரத்தை நடத்திச் செல்ல முடியுமா என்பது. அடுத்து, பெரியப்பா ஓட்டிய ஒய்பி வகை மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்கள் இன்று ஓடவில்லை என்பதால் ஊட்டி மலை ரயிலின் ஒலியைப் பின்னணியில் சேர்க்கலாமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். "லைன் கிளியர்", "ரன்னிங் ரூம்", "கார்டு லைன்" என்று அவர் பேச்சில் தொழிற்சொற்கள் நிறைய வருகின்றன. இவற்றை விளக்காமல் விட்டால் கேட்பவர் விலகிவிடுவாரோ என்ற அச்சமும் இருக்கிறது.

ஒலிநாடா:

உங்கள் பெரியப்பாவின் தொழிலைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, இதே கேள்விக்கு விடை தேடி இதே தொழிலில் இருந்த ஒருவரைப் பற்றி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு நிகழ்ச்சிதான். 1957 பிப்ரவரி 9 அன்று, இங்கிலாந்தின் பக்ஸ்டன் பகுதியிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு ரயிலில், பிரேக்குக்கு நீராவி கொண்டு செல்லும் குழாய் உடைந்து, கொதிக்கும் நீராவி டிரைவர் நிற்கும் இடத்தை நிரப்பிவிட்டது. டிரைவர் ஜான் ஆக்ஸன் தம் ஃபயர்மேனைக் கீழே குதித்து வேகன்களின் கை பிரேக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, தாம் எஞ்சினை விட்டு இறங்காமல் நின்றார். சரிவில் வேகமெடுத்த வண்டி, சேப்பல்-என்-லெ-ஃப்ரித் நிலையத்தருகே மற்றொரு சரக்கு வண்டியில் மோதியது. ஆக்ஸனும், அந்த முன்வண்டியின் கார்டும் இறந்தனர். ஆக்ஸனுக்கு இறப்புக்குப் பின், வீரச் செயலுக்கான ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

பர்மிங்ஹாமில் பிபிசி தயாரிப்பாளராக இருந்த சார்லஸ் பார்க்கரும், பாடகர் யூவன் மெக்காலும் இதை வானொலி நிகழ்ச்சியாக்க ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று, ஆக்ஸனின் மனைவியையும் உடன் வேலை செய்தவர்களையும் பேச வைத்து, 40 மணி நேரத்துக்கும் மேலான நாடாக்களோடு திரும்பினார்கள். அந்நாளைய வழக்கப்படி, இத்தகைய பதிவுகள் கச்சாப் பொருள் மட்டுமே. அவற்றை எழுத்தாக்கி, செப்பனிட்டு, நடிகர்களைக் கொண்டு படிக்க வைப்பார்கள். மெக்கால் நாடாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, அந்த ரயில்வே தொழிலாளர்களின் பேச்சில் இருந்த நடையையும் உவமையையும் எந்த நடிகராலும் தர முடியாது என்று கண்டு, அந்தக் குரல்களையே ஒலிக்க விடுவது என்று முடிவு செய்தார். பெக்கி சீகர் இசையை அமைத்தார். 1958 ஜூலை 2 அன்று ஒலிபரப்பான அந்த நிகழ்ச்சியில் தொகுப்பாளர் என்று எவருமே இல்லை. தொடர்ந்து 1964 வரை மொத்தம் எட்டு நிகழ்ச்சிகள் இந்த வடிவில் வந்தன. அவற்றுள் ஹெர்ரிங் மீன்பிடித் தொழிலைப் பற்றியது 1960இல் பிரி இத்தாலியா என்ற பன்னாட்டு ஒலிபரப்புப் பரிசைப் பெற்றது.

ஆனால் இதிலிருந்து "தொகுப்பாளர் தேவையில்லை" என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். அந்த நிகழ்ச்சிகளில் விளக்கவுரையின் வேலையைப் பாட்டு செய்கிறது. எந்த ஊர், எந்த நாள், எஞ்சினில் எது உடைந்தது என்பனவற்றையெல்லாம் பாட்டு சொல்ல, அது எப்படி இருந்தது என்பதை மனிதர்கள் பேசுகிறார்கள். நம் வில்லுப்பாட்டில் பாட்டும் உரையும் தோள் மாற்றிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உங்களிடம் பாட்டு இல்லை. எனவே எங்கே, எப்போது, யார் என்ற மூன்றை மட்டும் உங்கள் குரல் சொல்லட்டும்; எப்படி இருந்தது என்பதை அவரே சொல்வார். உங்கள் 11 நிமிடத்தை எடுத்துப் பாருங்கள், அதில் பெரும்பகுதி அவர் அடுத்து சொல்லப்போவதை முன்கூட்டியே சுருக்கிச் சொல்வதாகத்தான் இருக்கும். பத்திரிகைக்கு எழுதிப் பழகிய எல்லோருக்கும் இந்த நோய் உண்டு, எனக்கும் இருந்தது.

மீட்டர்கேஜ்:

மலை ரயிலின் ஒலியைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஒரு சோடி, வழக்கமான சக்கரங்களை இயக்குகிறது. மற்றொரு சோடி, தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரத்தை இயக்குகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை அது ஏறும்போது கேட்கும் மூச்சு, சமதளத்தில் பயணிகள் வண்டியை இழுத்து ஓடிய ஒய்பி எஞ்சினின் மூச்சாகவே இருக்காது. பொதுக் கேட்பாளருக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். உங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். அவரோடு வேலை பார்த்த எவருக்கும் தெரியும். கடன் வாங்கிய ஒலி ஒன்று பிடிபட்டால், பிறகு உண்மையான ஒலியையும் எவரும் நம்ப மாட்டார்கள். 1924 மே 19 அன்று இங்கிலாந்தின் சர்ரேயில் ஒரு தோட்டத்திலிருந்து, பியாட்ரிஸ் ஹாரிசனின் செல்லோ இசையோடு நைட்டிங்கேல் பறவை பாடியதை பிபிசி நேரலையாக ஒலிபரப்பியது. ஒலிபரப்பு வரலாற்றில் புகழ்பெற்ற அந்த நிகழ்ச்சியைப் பற்றிக்கூட, பாடியது பறவையன்று, பறவைபோல் சீழ்க்கையடிக்கத் தெரிந்த ஒருவர்தான் என்ற ஐயம் 2022இல் எழுந்து, அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எஞ்சின் ஒலி இல்லையென்றால் என்ன? கரி அள்ளுவது எப்படி என்று சொல்லச் சொல்லாமல், செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு மண்வெட்டியோ முறமோ இருந்தால் கையில் கொடுங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், குளிர்சாதனப் பெட்டி அருகில் இருந்தால் அதையும்தான். எல்லாம் முடிந்தபின் எவரும் பேசாமல் அதே அறையில் ஒரு நிமிடம் வெறுமையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இரண்டு பேச்சுகளுக்கு நடுவே அந்த அறையின் அமைதியை வைக்காவிட்டால், ஒவ்வொரு வெட்டும் காதில் பள்ளம்போல் விழும்.

வானொலி அக்கா:

சில ஆண்டுகள் ஒரு வானொலி நிலையத்தில் பகுதி நேரத் தொகுப்பாளராக இருந்தவள் என்ற முறையில், நான் சற்று மாறுபட விரும்புகிறேன். தம்பி, உங்கள் மகள் குறைப்பட்டது உங்கள் குரலின் அளவைப் பற்றி; குரல் இருப்பதைப் பற்றியன்று. தொகுப்பாளரை நீக்கிவிட்டால் நிகழ்ச்சி கலப்படமற்ற உண்மையாகிவிடும் என்று ஒரு மயக்கம் இருக்கிறது. ஒன்பது மணி நேரத்தில் எட்டரை மணி நேரத்தை வெட்டி எறிகிறவர் நீங்கள். எதை முதலில் வைப்பது, எந்தச் சொல்லோடு நிறுத்துவது என்று தீர்மானிப்பவரும் நீங்களே. கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1967இல் அந்நாட்டின் வடபகுதியைப் பற்றிச் செய்த வானொலி ஆவணத்தில், ஐந்து பேர் ஒரே ரயிலில் பயணம் செய்தபடி பேசிக்கொள்வதுபோல் கேட்கும்; அடியில் ரயிலின் ஓசை தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் அந்த ஐவரும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டவர்கள். குரல்மேல் குரல் அடுக்கி இசைபோல் நெய்த அந்த அழகை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மிக அதிகமாகப் பேசுபவர், ஒரு சொல்லும் பேசாத தொகுப்பாளரே.

ஒலிநாடா அவர்கள் குறிப்பிட்ட வரிசையிலேயே, 1959இல் எம்1 நெடுஞ்சாலை அமைத்தவர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் திட்டமிட்ட பொறியாளர்களும் மண் வெட்டிய தொழிலாளர்களும் சம இடம் பெற, அது மற்றவற்றைப்போல் அமையவில்லை என்று யூவன் மெக்கால் தாமே கருதினார். தொழிலைப் பற்றிய தகவல் வேறு, தொழில் செய்தவரின் பேச்சு வேறு. உங்கள் மூன்றாவது ஐயத்துக்கு இதுவே என் விடை. "லைன் கிளியர்" என்றால் முன்னால் உள்ள நிலையம் வரை பாதை காலி என்ற அனுமதி என்று நீங்கள் விளக்க வேண்டாம். லைன் கிளியர் கிடைக்காமல் ஓர் இரவு காத்திருந்த கதையை அவர் சொன்னால், சொல் தானாகப் புரியும். அப்படி ஒரு கதை இல்லாத சொல்லை விட்டுவிடலாம்.

வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது உங்கள் கேள்விகளைத்தான். பெரியப்பாவிடம் மகன் முறையில் ஒருவன் கேட்கிறான் என்பது கேட்பவருக்குத் தெரிந்தால், அவர் எதைச் சொல்கிறார், எதைத் தவிர்க்கிறார் என்பதற்கும் பொருள் கிடைக்கும். இன்னொன்று, வெளியிடுவதற்கு முன் முழு வடிவத்தையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பேசும்போது குடும்பத்துக்குள் பேசுவதாக நினைத்திருப்பார். இணையத்தில் எவரும் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பொன்மலைவாசி:

மூவருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது. நேற்றுதான் திருச்சியிலிருந்து திரும்பினேன். தோட்டத்து மண்வெட்டியைக் கையில் கொடுத்ததும் பெரியப்பா எழுந்து நின்று, "கரியை அள்ளிக் கொட்டினா போதாதுடா, விசிறணும், மூலைக்கு மூலை விழணும்" என்று சொல்லிக்கொண்டே நான்கைந்து முறை வீசிக் காட்டினார். அந்த வீச்சுக்கு நடுவே அவருக்கு இரைத்த மூச்சு, மலை ரயிலைச் சேர்க்கும் எண்ணத்தையே எனக்கு மறக்கடித்துவிட்டது. என் விளக்கவுரை இப்போது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. என் கேள்விகள் ஏழெட்டு, அப்படியே இருக்கின்றன. அவரிடம் போட்டுக் காட்டியபோது ஒரே ஒரு மேலதிகாரியின் பெயரை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். இரண்டாம் நாள் பதிவில், அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது பணிமனைச் சங்கு ஊதுகிறது. அவர் பேச்சை நிறுத்தி, சங்கு ஓயும்வரை சும்மா இருந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்கிறார். நிறுத்தியது அவருக்கே தெரியவில்லை. குறுக்கீடு என்று நீக்கக் குறித்து வைத்திருந்த அந்த இடத்தை இப்போது தொடக்கத்தில் வைத்திருக்கிறேன். சங்கு முழுவதையும் விடலாமா, பாதியில் குறைக்கலாமா?

மீட்டர்கேஜ்:

முழுவதும் விடுங்கள். அவர் காத்திருந்தார் அல்லவா.