‘பிரேக் ஃபேட்’: மங்கலா, தளர்வா, ஓய்ச்சலா?

குழுவினருக்கு வணக்கம். பிரேக் பழுதறியும் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிரேக் ஃபேட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் பேடு (உரசிப் பிடிக்கும் பட்டை) சூடேறி உராய்வு குறையும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது. ஆறினால் பிடிப்பு திரும்பும். ‘தடை மங்கல்’ சரியா?

*

மங்குவது ஒளியும் நிறமும். ‘தடைத் தளர்வு’ எனலாம்.

*

தளர்வு வேண்டாம் ஐயா. அதைப் படிக்கும் மாணவர் பெடலில்தான் தேடுவார். பெடல் பஞ்சுபோல் அமுங்குவது வேறு பழுது: பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று, அல்லது அந்த ஆயில் கொதித்து ஆவியானது. டாட் 3 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் வரம்பு 140தான். மிதித்துப் பிடித்திருக்கையில் பெடல் மெல்லக் கீழே போய், வெளிக்கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) உள் சீலைப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பொருந்துகிற சொல்லை வைத்தால், ஆயில் மாற்ற வேண்டியவர் பேடு மாற்றிக்கொண்டிருப்பார்.

*

தொல்காப்பிய உரியியலில் விடை இருக்கிறதே! ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் நான்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’. முன் இருந்தது குறைவது. நமக்கு வேண்டிய பொருள் அதுவே. நிழத்தலும் நிழலும் ஒரே வேர் என்பது என் கருத்து: ஒளி குறைந்தால் நிழல், பிடிப்பு குறைந்தால் நிழத்தம். ‘தடை நிழத்தம்’ என்றே வைப்போம்.

*

பட்டறையில் யாருக்கு விளங்கும்? ‘ஓய்ச்சல்’ என்றால் கேட்டதும் புரியும். ‘தடை’யும் வேண்டாம், சாலையில் வேகத்தடை இருக்கிறது. ‘பிரேக் ஓய்ச்சல்’ போதும்.

*

பாதி ஆங்கிலம், பாதி தமிழ். இதற்கா இத்தனை மடல்? ‘நிறுத்தி ஓய்ச்சல்’ என்றாவது எழுதுங்கள்.

*

‘நிறுத்தி’ என்றால் என் மாணவர் என்ஜினை அணைத்துவிடுவார்.

*

நன்றி. நேரமில்லை, ‘பிரேக் ஓய்ச்சல்’ என்றே அனுப்புகிறேன். விளக்கத்தில் ‘சூட்டால் உராய்வு குறைதல், பெடல் கெட்டியாக இருக்கும்’ என்று சேர்க்கிறேன்.

*

அந்த விளக்கம் டிஸ்க் பிரேக்குக்குப் பொருந்தும், டிரம் பிரேக்குக்குப் போதாது. அதில் சூட்டால் டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை) விரிந்து, உள்ளிருந்து அதை உரசும் ஷூவை விட்டு விலகும். பெடலும் கூடுதலாக இறங்கும். அதையும் ஓய்ச்சல் என்பீர்களா? என் வாக்கு இன்னும் நிழத்தத்துக்கே.