புதுப்பிப்பு: தண்டுவடத் தூண்டல், சோதனைக் கட்டம் முடிந்தது

முதுகில் ஆபரேஷனே செய்யாத எனக்கு, கால் நரம்பு வலிக்குத் தண்டுவடத் தூண்டல் கருவி (தண்டுவடத்துக்கு மெல்லிய மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைப்பது) வைப்பார்களா என்று கேட்டிருந்தேன். அது ஆபரேஷன் பலிக்காதவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள் சிலர். அப்படியில்லை. நொடிக்குப் பத்தாயிரம் துடிப்பு அனுப்பும் 10 கிலோஹெர்ட்ஸ் முறைக்கு, மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2021-இல் சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும், 2022-இல் ஆபரேஷன் செய்யாத முதுகு வலிக்கும் அனுமதி கொடுத்துவிட்டது.

நிரந்தரமாக வைக்கும் முன் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பதுதான் சோதனைக் கட்டம். மரத்துப்போக ஊசி போட்டு, தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய கம்பிகளைச் செருகினார்கள். கருவி இடுப்பு பெல்ட்டில். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்களாம். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ஆனால் போர்வை பாதத்தில் உரசினாலே துடிப்பேனே, அதே போர்வையைக் கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்! கம்பியை எடுத்ததும் எரிச்சல் பழையபடி வந்துவிட்டது. எனக்கு அதுவே போதுமான பதில்.

சோதனைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து குனியாதீர்கள், முதுகைத் திருப்பாதீர்கள். கம்பி நகர்ந்தால் பலன் தெரியாது. மனநல மதிப்பீடு கேட்டால் வருத்தப்பட வேண்டாம், எல்லாருக்கும் உள்ள நடைமுறைதான்.

நிரந்தரக் கருவிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். கிருமித்தொற்று பயம் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கத் தோதான மாடலா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.