கினிப்பன்றிக் கூண்டில் வாடை, உடம்பில் சொறிச்சல்: குறைந்த செலவில் என்ன வழி?

பட்டாணி வீட்டார், சாட்ஸ்வொர்த்:
வணக்கம். மகள் ஆசைப்பட்டு வளர்க்கும் ஆண் கினிப்பன்றிக்கு ஒன்றரை வயது; பெயர் பட்டாணி. கூண்டைத் துடைத்து மரத்தூளை மாற்றிய இரண்டாம் நாளே வாடை மூக்கைத் துளைக்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் பிப்ரவரிக் கோடைப் புழுக்கம் வேறு. வாரந்தோறும் குழந்தைகள் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறோம். ஆனாலும் முதுகில் முடி கொட்டுகிறது, ஓயாமல் சொறிகிறான். சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம். உணவு லூசர்னும் (குதிரை மசால்) முயல் தீவனமும். கடையில் வாசனைத் தெளிப்பான், வைட்டமின் சொட்டு மருந்து, தனி ஷாம்பூ என்று நீளமான பட்டியல் கொடுத்தார்கள். எதை வாங்கலாம்?

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்தப் பட்டியலில் ஒன்றும் வேண்டாம். குளியலை முதலில் நிறுத்துங்கள். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டுபோகும், குளிரும் பிடிக்கும். பின்புறம் அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

காசு போக வேண்டிய இடம் உலர்ந்த புல். குதிரைத் தீவனம் விற்கும் கடையில் எராகிராஸ்டிஸ் அல்லது டெஃப் புல்லைக் கட்டாக வாங்குங்கள். சிறு பொட்டலங்களைவிட மிக மலிவு. முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் தொடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் தரையில் வைத்தால் கெட்டுவிடும், பலகைமேல் வையுங்கள். எந்நேரமும் கூண்டில் புல் இருக்க வேண்டும். லூசர்ன் குட்டிகளுக்கும் சினையானவற்றுக்கும்தான். அதில் கால்சியம் அதிகம். வளர்ந்தவனுக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்க் கல் வரக்கூடும். உங்கள் வெள்ளைப் படலம் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து சிறிது நேரம் ஊறவிட்டால் படலம் கழன்றுவிடும்.

மரத்தூளுக்குப் பதில் செய்தித்தாள், அதன்மேல் பழைய துண்டு, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மென்மையான செயற்கை இழைப் போர்வை விரித்துப் பாருங்கள். புழுக்கையைத் தினமும் பெருக்கி, துணியை மூன்று நாளுக்கொருமுறை துவைக்கலாம். துணி மென்மையாக்கி மட்டும் சேர்க்காதீர்கள், ஈரம் கீழே இறங்காது.

மாரிட்ஸ்பர்க் வாசி:
முயல் தீவனத்தில் இவற்றுக்கு வேண்டிய வைட்டமின் சி இருக்காது. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அதைத் தானே உண்டாக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். 20 கிராம் சிவப்புக் குடைமிளகாய் அதைத் தந்துவிடும். தண்ணீரில் விடும் சொட்டு மருந்து விரைவில் வீரியம் இழக்கும். குளிர்காலத்தில் கொல்லைக் கொய்யா பழுத்தால் ஒரு சிறு துண்டு கொடுக்கலாம், சர்க்கரை உண்டு என்பதால் அதற்குமேல் வேண்டாம்.

வெருலம் பாட்டன்:
சொறிச்சலுக்கு வேப்பெண்ணெய் தடவு தம்பி. கேட்காவிட்டால் மாட்டுக்குப் போடும் பூச்சிமருந்து ஐவர்மெக்டின் ஒரு சொட்டு.

ஃபீனிக்ஸ் அக்கா:
ஐயா, மாட்டு மருந்தின் ஒரு சொட்டு இந்தச் சிறு உடம்புக்கு என்ன அளவென்று யார் சொல்வது? சொறிச்சல் பூச்சியாலும் இருக்கலாம், பூஞ்சையாலும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. தம்பி, மிச்சம் பிடித்த காசை இதற்குச் செலவிடுங்கள்: சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் எடை போட்டு மருந்து வாங்குங்கள். வாய்வழி தரும் பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கினிப்பன்றியின் குடலைக் கெடுத்து உயிரையே எடுக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டாணி வீட்டார்:
நன்றி அக்கா. சனிக்கிழமை அழைத்துப் போகிறேன். அதுவரை கொத்தமல்லி தரலாமா? வெயிலுக்குக் கூண்டை எங்கே வைப்பது?

ஃபீனிக்ஸ் அக்கா:
ஒரு கைப்பிடி தரலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, அவகாடோ வேண்டாம். 27 டிகிரிக்கு மேல் போனால் தாங்கமாட்டான். வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 50 கிராமுக்கு மேல் குறைந்தாலோ, அரை நாள் எதுவும் தின்னாவிட்டாலோ சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.