மறுமொழி: புலன்தணிவு, பழகுதணிவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அனைவருக்கும் வணக்கம். உளவியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழைக்கு இது என் மறுமொழி.

> சென்சரி அடாப்டேஷன் = புலன் தகவமைவு, ஹாபிச்சுவேஷன் = பழக்கப்படுதல். இத்தோடு முடித்துவிடலாமா?

அக்கா, அவசரம் வேண்டாம். தகவமைவு என்றதும் பிள்ளைகளுக்கு ஒட்டகத் திமில்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை உயிரியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. பழக்கப்படுதலோ, பழக்கவழக்கம், யானையைப் பழக்குதல் என்று பல பக்கம் இழுக்கும்.

விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாக் கடைக்குள் நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறுகிறது. சற்று நேரத்தில் அது இருப்பதே தெரியாது. வேண்டுமென்று முகர்ந்தாலும் முன்போல எட்டாது, மணமறியும் செல்களே தங்கள் செய்தியைக் குறைத்துக்கொள்கின்றன. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தால் மறுபடி ஏறும். இதில் கற்றல் எதுவும் இல்லை.

ஹடீடா வேறு கதை. அந்த அரிவாள்மூக்கன் பறவை விடியலில் கூரைமேல் கத்தும் கத்தலுக்கு, ஊருக்குப் புதியவர் துள்ளி எழுவார். இங்கேயே கிடப்பவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். அவர் காது மந்தமாகிவிடவில்லை. கேட்கிறதா என்றால், ஆமாம் கத்துகிறது என்பார். இதனால் தீங்கும் இல்லை, பயனும் இல்லை என்று கற்றுக்கொண்ட மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. கற்றலிலேயே மிக எளிய வகை இதுதான். நரம்பு மண்டலத்தில் என்ன நடக்கிறது என்பதை நரம்பியலாளர் எரிக் கேண்டல் கடல்முயல் என்னும், வெளியே ஓடு தெரியாத கடல் நத்தையில் காட்டினார். அதன் உடலிலுள்ள நீர்க்குழாயை லேசாகத் தொட்டால் அது செவுளை உள்ளிழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துகொண்டே போகும். தொடுகையை அறியும் நரம்பணு, அடுத்த நரம்பணுவுக்கு விடும் வேதிப்பொருளின் அளவு குறைவதுதான் காரணம். அப்புறம் வாலில் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் பழையபடி வெடுக்கென்று இழுக்கும். நினைவு பற்றிய இந்த வகை ஆய்வுகளுக்காகவே அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டையும் பிரித்தறிய, வாலில் கொடுத்த அந்த அதிர்ச்சிதான் உரைகல். வேறொரு தூண்டல் குறுக்கிட்டதும் பழைய எதிர்வினை திரும்பினால் அது ஹாபிச்சுவேஷன். மூக்குக்கு அது செல்லாது, ஓய்வு கொடுத்தால்தான் மீளும்.

சரி, என் முன்மொழிவு. மூக்குக்கு நேர்வது புலன்தணிவு. ஹடீடாவின் கத்தலில் நமக்கு நேர்வது பழகுதணிவு. ஊறுகாய், சுடுசோறு மாதிரி இதுவும் வினைத்தொகை. பழகிய, பழகுகிற, பழகும் என்று மூன்று காலமும் அடங்கும், இந்தப் பொருளுக்கு அது வசதி. எதிர்வினை மீண்டும் தலைதூக்குவதற்கு மீளுறைப்பு. 'எத்தனை சொன்னாலும் உறைக்கவில்லை' என்கிறோமே, அந்த உறைப்பு. டர்பன் கறி சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல் மறக்காது.

> ஜோசப் வோல்பியின் சிகிச்சை முறைக்கும் 'தணிவு' என்றே நீட்டலாம்.

ஐயா, இதில் நான் உடன்படவில்லை. அச்சத்தைப் போக்கும் 'சிஸ்டமேட்டிக் டீசென்சிடைசேஷன்' முறையைத் தந்த உளமருத்துவர் வோல்பி ஜோகன்னஸ்பர்க்காரர். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்துச் சோதித்து, 1958இல் தம் முறையை நூலாக்கினார். அதில் அச்சம் கண்டு கண்டு சலித்து அடங்குவதில்லை. முதலில் தசைகளைத் தளர்த்தக் கற்றுத்தருகிறார்கள். உடல் அமைதியாக இருக்கும்போது, மிகக் குறைவாக அச்சம் தருவதை மனத்தில் நினைக்கச் சொல்லி, படிப்படியாகக் கூட்டுகிறார்கள். அமைதியும் அச்சமும் ஒருசேர நிற்கமுடியாது என்பது அவர் விளக்கம். பொருட்படுத்தாமல் விடுவது வேறு, அச்சத்தின் இடத்தில் அமைதியை வைப்பது வேறு. பயம் தெளிந்தது என்று வீட்டில் சொல்கிறோம். படிமுறை அச்சந்தெளிவித்தல் என்று வைக்கலாம். நீளம்தான், ஆனால் நோயாளியிடமும் சொல்லலாம்.

கண்டிஷனிங் என்பதற்குப் பி.எட். பாடநூல்கள் சொல்லும் 'ஆக்கநிலையிறுத்தல்' எனக்கும் வாயில் நுழையவில்லை. அதை இங்கே இழுக்காமல் தனி இழையில் வைத்துக்கொள்வோம். பழகுதணிவில் த் மிகாதா என்று தனிமடலில் கேட்டவருக்கு: வினைத்தொகையில் வல்லினம் மிகாது.