7 மணியிலிருந்து 10 வரை: டிவியில் எதைப் போடுவது என்று முடிவெடுக்கவே முக்கால் மணி நேரம். என்ன வழி?

ஜன்னலோரம் கேட்டது:

இலையுதிர்காலம் பிறந்தாலே நாளுக்கு நாள் சீக்கிரம் இருட்டுகிறது. எல்லாரும் டிவி முன்னால்தான். பார்ப்பவர்கள் மூன்று பேர். ஒருவருக்குத் துப்பறியும் கதை வேண்டும், ஒருவருக்கு ஆவணப்படம், மூன்றாமவர் "எதுவானாலும் சரி, அழுகாச்சி மட்டும் வேண்டாம்" ரகம். மூன்று ஓடிடி சந்தா இருக்கிறது. மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஏதோ ஒன்றைப் போட்டுப் பாதியில் நிறுத்துவதுதான் நடக்கிறது.

கூடவே இரண்டு தொல்லை. இருட்டுக் காட்சி வந்தால் முகமே தெரிவதில்லை. வசனம் முணுமுணுப்பாகக் கேட்கிறது, சண்டை வந்தால் காது கிழிகிறது. டிவி 55 அங்குல எல்இடி, சவுண்ட்பார் கிடையாது. "இந்தப் படம் பாருங்கள்" என்று பட்டியல் வேண்டாம். தேர்ந்தெடுக்கும் முறைதான் வேண்டும்.

கடைசிவரிசை:

முதலில் கடிகாரம், அடுத்து அறை, கதை அதற்கும் பிறகுதான். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதியில் நிறுத்த வேண்டி வருகிறது.

10 மணிக்குப் படுக்கை என்றால் 9:40-க்குப் படம் முடிய வேண்டும். 7:15-க்கு ஆரம்பித்தால் கையில் 145 நிமிடம். எழுந்து போவது, ஃபோன், "என்ன சொன்னான், திரும்பப் போடு" எல்லாம் சேர்ந்து 15 நிமிடம் தின்றுவிடும். மிச்சம் 130. ஓடிடி காட்டும் நீளத்தில் கடைசிப் பெயர்ப் பட்டியலும் அடக்கம். கிராஃபிக்ஸ் நிறைந்த பெரிய படங்களில் அதுவே 8 நிமிடம்கூட ஓடும். ஆக அந்த மாதிரிப் படம் 138 என்று போட்டிருந்தாலும் தாராளமாக எடுக்கலாம், 150-ஐத் தொடாதீர்கள். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் ஆவணப்படத்துக்குச் சரி. துப்பறியும் படத்துக்குச் சரிப்படாது, மறுநாள் பாதித் தடயம் மறந்திருக்கும்.

சாதாரணச் சேனலில் பார்ப்பதாக இருந்தால் கணக்கே வேறு. மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் என்றாலும் 130 நிமிடப் படம் 160 நிமிடத்தைத் தாண்டிவிடும்.

தொடர் என்றால் அத்தியாய நீளத்தை எபிசோட் வாரியாகப் பாருங்கள். முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது சகஜம். 50 நிமிட எபிசோட் 2 பார்த்தால் 100, மீதி அரை மணி. "இன்னும் ஒன்றே ஒன்று" என்று கை போகும் இடம் அதுதான், ஏனென்றால் ஒவ்வொரு எபிசோடும் முடிச்சில்தான் முடியும். அதனால் எபிசோட் முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்ததைத் தொடங்கி முதல் 8, 10 நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். தொங்கிய முடிச்சு அதற்குள் அவிழ்ந்திருக்கும், புது முடிச்சு விழுந்திருக்காது. தானாக அடுத்த எபிசோடுக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுவது இதற்கு முன்நிபந்தனை.

இனி மூன்று பேர் பஞ்சாயத்து. ஒருவர் 5 தலைப்பு சொல்ல வேண்டும், அடுத்தவர் அதில் 3-ஐ நிறுத்த வேண்டும், மூன்றாமவர் 1-ஐ எடுக்க வேண்டும். நாளைக்கு வரிசை மாறும். 5 சொல்பவர் தனக்குப் பிடித்ததையே ஐந்தும் சொன்னால் முறை குலையும். ஆகவே நீளக் கணக்குக்குள் அடங்கியது, ஒரே வகையில் இரண்டுக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் வென்றது படம், மிஞ்சிய இரண்டில் ஒன்று கைவசம். 20 நிமிடம் ஓடியதும் மூவரில் இருவர் "வேண்டாம்" என்றால் நேராகக் கைவசம் வைத்திருப்பதற்குப் போங்கள். முகப்புத் திரைக்குத் திரும்பினால் தேடல் மறுபடி முதலிலிருந்து.

இதெல்லாம் டிவியைப் போடுவதற்கு முன்பே, ஃபோனில் நடக்க வேண்டும். ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதும், நின்ற இடத்திலெல்லாம் முன்னோட்டம் அலறுவதும்தான் உங்கள் முக்கால் மணி நேரம். நெட்ஃபிளிக்ஸில் அந்த முன்னோட்டத்தை அணைக்க 2020-லிருந்தே வழி இருக்கிறது. டிவியில் தேடாதீர்கள், கம்ப்யூட்டரில் உள்நுழைந்து புரொஃபைல் அமைப்பில் மாற்றினால் டிவிக்கும் வந்துவிடும். எந்தப் படம் எந்தச் சந்தாவில் கிடைக்கிறது என்று மூன்று செயலியையும் துழாவ வேண்டாம், ஜஸ்ட்வாட்ச் என்ற தளம் ஒரே இடத்தில் சொல்லும்.

அழுகாச்சி வேண்டாம் என்பவருக்கு: ஐஎம்டிபி என்ற படத் தகவல் தளத்தில் பெற்றோர் வழிகாட்டி என்ற பகுதியைப் பாருங்கள். ரத்தம், பயமுறுத்தும் காட்சி எல்லாம் தனித்தனியாக இருக்கும். படத்தில் நாய் சாகுமா என்று சொல்வதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் இந்த மாதிரி ஆட்களுக்குக் கதைச் சுருக்கத்தைவிட அதுதான் உபயோகம்.

பிக்சல்பித்தன்:

இருட்டுப் படம் பற்றி மட்டும் சொல்கிறேன். குற்றம் பாதி படத்தின் மேல், பாதி உங்கள் டிவி மெனுவின் மேல். 2019 ஏப்ரலில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் இரவுப் போர் எபிசோட் வந்தபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று பல நாடுகளில் புலம்பினார்கள். 82 நிமிடத்தில் பெரும்பகுதி இருட்டு. ஸ்ட்ரீமிங்கில் சுருக்கும்போது முதலில் அடி வாங்குவது கருமைக்குள் இருக்கும் நுண்ணிய வேறுபாடுதான், அது பட்டை பட்டையாகத் தெரியும். அதை உங்களால் திருத்த முடியாது. கீழே உள்ளதைத் திருத்தலாம்.

மின்சிக்கனம், சுற்றொளி சென்சார் இரண்டையும் அணையுங்கள். அறை இருட்ட இருட்ட இவை பின்னொளியைக் குறைக்கும்; மாலையில் நன்றாகத் தெரிந்த படம் 8 மணிக்கு மங்குவதற்கு இதுதான் காரணம். பிறகு பட முறையை விவிட், டைனமிக் என்பதிலிருந்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். விவிட் பளிச்சென்று இருக்கும், ஆனால் நிழலில் இருப்பதை மையாக்கிவிடும்.

செட்டாப் பாக்ஸோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ எச்டிஎம்ஐ வழியாக இருந்தால் கருமை அளவை (பிளாக் லெவல்) சரிபாருங்கள். கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை பாக்ஸ் முழு வீச்சில் (ஃபுல்) அனுப்ப, டிவி குறுகிய வீச்சை (லிமிடெட்) எதிர்பார்த்தால் நிழலெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிவிடும். நேர்மாறாக இருந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் "முகம் தெரியவில்லை" புகாருக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

அறைக்கு வருவோம். உங்கள் பெயரே ஜன்னலோரம். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் இந்தப் பருவத்தில் சாயும் வெயில் தாழ்வாக நேரே திரையில் விழும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் கருமைக்கும் இடைவெளி அதிகம் காட்டும்) படங்கள் இருட்டறையில் பார்ப்பதற்கென்று வெளிச்சமும் நிறமும் சீர்செய்யப்படுபவை, அரை வெளிச்சத்தில் சோகையாகத்தான் இருக்கும். ஆகவே வரிசையை வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள்: அந்தி நேரத்தில் இயற்கை ஆவணப்படம், அனிமேஷன், வினாடி வினா, முழு இருட்டுக்குப் பிறகு துப்பறியும் கதை. ஆவணப்பட ரசிகரும் துப்பறியும் ரசிகரும் சண்டை போடாமல் இருக்க இதுவே ஒரு வழி. இருட்டிய பிறகு அறையைக் குகையாக்கவும் வேண்டாம். டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து 6500 கெல்வின் (பகல் வெள்ளை நிற) விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தால் கண் வலிக்காது, கறுப்பும் ஆழமாகத் தெரியும். திரைக்கு எதிரே எரியும் விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. சினிமா டிவி நாடகம் போலத் தெரிந்தால், அது மோஷன் ஸ்மூத்திங். படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). டிவி இடையில் இல்லாத சட்டகங்களைத் தானே செய்து சொருகுகிறது. சினிமாவுக்கு அணையுங்கள், விளையாட்டுக்கு வேண்டுமானால் குறைவாக வையுங்கள்.

செவிட்டுஸ்பீக்கர்:

சத்தம் சுலபம். படம் ஓடும்போது ஆடியோ மெனுவில் 5.1 (ஆறு சேனல் ஒலி) என்று இருந்தால் ஸ்டீரியோ (ரெண்டு சேனல்) தடத்துக்கு மாற்றுங்க. 5.1-ல் வசனம் நடு சேனலில் இருக்கும். ரெண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி அதைக் கலந்து இறக்கும்போது இசையும் வெடியும் வசனத்து மேல ஏறி உட்காந்துடும். ஸ்டீரியோ தடம் இல்லைன்னா டிவியோட ஒலி அமைப்பில் நைட் மோட் போடுங்க, பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதைத் தூக்கும். வசனத் தெளிவு என்று ஒன்று தனியா இருந்தா அதையும். "சரவுண்ட்" என்று எதையும் போடாதீங்க, டிவி ஸ்பீக்கரில் அது வசனத்தைக் கரைச்சுடும்.

ஜன்னலோரம்:

கருமை அளவுதான் வில்லன், பாக்ஸ் முழு வீச்சில் இருந்தது. மாற்றியதும் முகம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. 90% மதிப்பெண் உள்ள படங்கள் ஏன் அடிக்கடி சப்பென்று இருக்கின்றன? 8 மணிக்கு மேல் படம் முதல் சில நிமிடம் மங்கலாகத் தொடங்குவது ஏன்?

கடைசிவரிசை:

நீங்கள் சொல்வது ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தொகுப்புத் தளத்தின் சதவீதம் என்றால், அது மதிப்பெண்ணே அல்ல. நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் "பரவாயில்லை" பக்கம் நின்றார்கள் என்ற எண்ணிக்கை. எல்லாரும் "சுமார், பார்க்கலாம்" என்று சொன்ன படம் 95% வாங்கலாம். பாதிப் பேர் கொண்டாடிப் பாதிப் பேர் திட்டிய படம் 50-ல் நிற்கும். சராசரி மதிப்பெண் பத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தால் அதைப் பாருங்கள். அல்லது மூன்று நட்சத்திர விமர்சனங்கள் இரண்டைப் படியுங்கள். ஐந்தும் ஒன்றும் கொடுத்தவர்கள் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை, தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பிக்சல்பித்தன்:

மங்கல் இணைய வேகம். ஸ்ட்ரீமிங் கீழ்த் தரத்தில் தொடங்கித்தான் மேலேறும், எல்லாரும் பார்க்கும் நேரத்தில் ஏற நேரமாகும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 1080பி-க்கு (முழு எச்டி) 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 வேண்டும். வேகத்தைப் பகலில் சோதிக்காதீர்கள், இரவு 8:30-க்கு டிவியிலேயே சோதியுங்கள். டிவியில் வைஃபை எண் மட்டும் குறைவாக வந்தால் கேபிளைச் சொருகுங்கள். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், ஆனால் 4கே-க்கு அது போதும். கேபிள் போட்டும் குறைவு என்றால் இணையத் திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும், டிவியை அல்ல.

செவிட்டுஸ்பீக்கர்:

சப்டைட்டில் படம் எடுக்கும் முன் யாராவது கையில் வேலை வச்சிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. துணி மடிச்சுக்கிட்டே படிக்க முடியாது. அன்னைக்கு டப்பிங்தான். சப்டைட்டில்னா வெள்ளையை விட்டுச் சாம்பல் நிறம் வைங்க. எல்இடி டிவியில் இருட்டுக் காட்சிக்குக் கீழே வெள்ளை எழுத்து வந்தா சுத்தி வெளிச்சம் கசியும்.